தங்கையின் பள்ளிப் பட்டமளிப்பு: ஜெர்மனியிலிருந்து நான், கும்பகோணத்திலிருந்து தாத்தா பாட்டி. பயணத்தை எப்படி அமைப்பது?

#1 மைன்நதி

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூனில் (2026) என் தங்கை நியூஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அதையொட்டி வீட்டில் மூன்று பயணத் திட்டங்கள் ஓடுகின்றன. அனுபவப்பட்டவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

முதலில் நிலவரம். அப்பா எச்1பி (வேலை விசா), அம்மாவும் தங்கையும் எச்4 (அவரைச் சார்ந்தவர்களுக்கான விசா). மூவருக்கும் பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதியாகிவிட்டது. ஆனால் நீட்டிப்பு ஒப்புதலும் ஐ-94ம் (எதுவரை தங்கலாம் என்ற பதிவு) சரியாக இருக்கின்றன. எனக்கு 21 வயதானதும் எச்4 போய்விட்டது. எஃப்1 மாணவர் விசாவுக்கு மாறி இளநிலையை அங்கேயே முடித்தேன், இப்போது முதுநிலைக்கு டார்ம்ஸ்டாட்டில் இருக்கிறேன். இந்தியப் பாஸ்போர்ட்தான், அமெரிக்கா போக எனக்கு இனி பி2 (வருகையாளர் விசா) வேண்டும். தாத்தாவுக்கு 81, பாட்டிக்கு 74. இருவரும் இதுவரை அமெரிக்கா போனதில்லை.

அப்பாவின் திட்டம்: பட்டமளிப்பு முடிந்த வாரமே எல்லோரும் இந்தியா போய், சென்னையில் விசா முத்திரை வாங்கிக்கொண்டு, குலதெய்வம் கோயிலுக்கும் போய்விட்டு, ஆகஸ்டில் கல்லூரி தொடங்குமுன் திரும்புவது. அம்மாவின் திட்டம்: தாத்தா பாட்டியை இங்கே வரவழைப்பது. தங்கை கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். மற்றபடி அந்தக் கோடையைத் தோழிகளோடு கழிக்க விட வேண்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்றால், நான் பள்ளி முடித்தது 2020ல். கொரோனா காலம். பள்ளி வாகன நிறுத்தத்தில் கார்கள் வரிசையாக ஊர்ந்தன. என் முறை வந்ததும் இறங்கிப் போனேன். ஒரு மடக்கு மேசை மேல் சான்றிதழ் உறையை வைத்துவிட்டுத் தலைமையாசிரியர் ஆறடி பின்னால் போய் நின்றார். முகக்கவசத்துக்குப் பின்னால் அவர் என்ன சொன்னார் என்றே கேட்கவில்லை. அம்மா காருக்குள் இருந்தபடி கண்ணாடி வழியாகப் படம் எடுத்தார். ஆக, எங்கள் வீட்டில் யாரும் இன்னும் ஒரு பள்ளிப் பட்டமளிப்பை முறையாக நேரில் பார்த்ததில்லை. இந்த முறை குறையில்லாமல் நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

#2 எடிசன்வாசி

தம்பி, முதலில் தேதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நியூஜெர்சியில் பள்ளிகள் 180 நாள் நடந்தாக வேண்டும். பனி கொட்டி விடுமுறை விட்டால் அந்த நாட்கள் கடைசியில் போய்ச் சேரும். அதனால் நாட்காட்டியில் போட்டிருக்கும் பட்டமளிப்புத் தேதி பல ஊர்களில் தற்காலிகத் தேதிதான். குளிர்காலம் கழிந்த பிறகுதான் பள்ளி வாரியம் உறுதி செய்யும். நீங்கள் ஜனவரியிலேயே டிக்கெட் போடுவதாக இருந்தால், போட்டிருக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் இறங்கி, ஒரு வாரம் பின்னால் கிளம்புவதுபோல் போடுங்கள். தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள டிக்கெட்டாக இருந்தால் நல்லது. விலை கொஞ்சம் கூடும், கூடட்டும்.

இந்த வருடம் இன்னொன்றும் இருக்கிறது. உலகக் கோப்பைக் கால்பந்து ஜூன் 11ல் தொடங்கி ஜூலை 19ல் முடிகிறது. இறுதிப் போட்டி உட்பட எட்டு ஆட்டங்கள் நம் ஈஸ்ட் ரூதர்ஃபோர்டில். அதோடு ஜூலை 4 அமெரிக்காவின் 250வது ஆண்டு. நியூயார்க், ஃபிலடெல்ஃபியா இரண்டு ஊரிலும் கூட்டம் நெரியும். நுவார்க் விமான டிக்கெட்டையும் விடுதியையும் மே மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், நுழைவுச் சீட்டு. விழா பெரும்பாலும் பள்ளிக் கால்பந்து மைதானத்தில் நடக்கும். மழை வந்தால் உள்ளரங்குக்கு மாற்றுவார்கள். அங்கே இடம் குறைவு என்பதால் வீட்டுக்கு இத்தனை பேர் என்று தனிச் சீட்டு கொடுப்பார்கள். மழைச் சீட்டு எத்தனை என்று தங்கையிடம் இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். தாத்தா பாட்டி கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கிய பிறகு மழையும் வந்து, உள்ளே இரண்டு பேருக்குத்தான் இடம் என்றால் மனசு ஆறாது.

#3 காவிரிக்கரை

மன்னிக்க வேண்டும், மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பதற்கு 81 வயதுப் பெரியவரை இவ்வளவு தூரம் அலைக்கழிக்க வேண்டுமா? விசாக் கட்டணமே ஆளுக்கு 185 டாலர். டிக்கெட், காப்பீடு எல்லாம் சேர்த்தால் பெரிய தொகை. கல்லூரிச் செலவு தலைக்கு மேல் இருக்கிறது. நான்கு வருடம் கழித்து அந்தப் பெண் கல்லூரிப் பட்டம் வாங்கும்போது எல்லோரும் போகலாமே. நம் ஊரில் பிளஸ் டூ முடித்தால் மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பையன் தனியாகச் சைக்கிளில் போய் வருவான்.

#4 டல்லாஸ் அம்மா

காவிரிக்கரை ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இங்கே பள்ளி முடிப்பது என்பது சான்றிதழ் வாங்குவதோடு நிற்பதில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டை விட்டுக் கிளம்பும் வருடம் இது. மழலையர் வகுப்பிலிருந்து கூடப் படித்தவர்கள் ஆகஸ்டில் ஆளுக்கொரு மாநிலத்துக்குப் போய்விடுவார்கள். ஊரே சேர்ந்து அவர்களை வழியனுப்புகிற நாள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நான்கு வருடம் கழித்துத் தாத்தாவுக்கு 85. அப்போது அவரால் முடியுமா என்று யார் சொல்ல முடியும்?

என் பெரியவள் முடித்தபோது என் மாமியார் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். டெக்சாஸில் மே கடைசியிலேயே விழா முடிந்துவிடும், வெயில் காரணமாகப் பல மாவட்டங்கள் பெரிய உள்ளரங்கில்தான் நடத்துகின்றன. பட்டமளிப்புகளில் வழக்கமாக வாசிக்கும், ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் அணிவகுப்பு இசை தொடங்கியது. 1901ல் எழுதியது, 1905ல் யேல் பல்கலைக்கழகம் எல்கருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்த விழாவில் வாசித்த பிறகுதான் அமெரிக்கப் பட்டமளிப்புகளோடு ஒட்டிக்கொண்டது என்பார்கள். பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக நடந்து வந்தார்கள். மாமியாருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் எந்த வரிசையில் எத்தனையாவது ஆளாகப் பேத்தி வருகிறாள் என்று எண்ணி வைத்துக்கொண்டு, பெயர் வாசிப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டார். தொப்பிக் குஞ்சத்தை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் எல்லோரும் ஒன்றாக மாற்றும் கட்டம் வந்தபோது "தாலி முடிஞ்ச மாதிரி கை தட்டுறாங்களே" என்றார்.

ஒரு முக்கியமான விஷயம், தம்பி. பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று எழுதித்தரப் பள்ளியில் ஓர் அட்டையோ படிவமோ கொடுப்பார்கள். பல பிள்ளைகள் ஏனோதானோ என்று நிரப்பிவிட்டுப் போய்விடும். அசை பிரித்து, எங்கே அழுத்தம் என்பது வரை எழுதித்தரச் சொல்லுங்கள். முடிந்தால் வாசிக்கப்போகும் ஆசிரியரிடம் நேரில் ஒருமுறை சொல்லிக் காட்டட்டும். அவள் பெயர் ஒலிபெருக்கியில் வரும் அந்த நான்கைந்து விநாடிக்காகத்தான் நீங்கள் எல்லோரும் கடல் தாண்டி வருகிறீர்கள். அது சரியாக வர வேண்டும்.

#5 அண்ணாசாலை

விசா பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை. அப்பாவின் நிறுவன வழக்கறிஞரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தாத்தா பாட்டி: டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம் ஆளுக்கு ஒன்று. சென்னையில் இரண்டு நடை போக வேண்டும், கைரேகைக்கு ஒன்று, ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே தூதரகத்தில் நேர்காணலுக்கு இன்னொன்று. முன்பு 79 வயதைத் தாண்டியவர்களுக்கு நேர்காணல் விலக்கு உண்டு. 2025 செப்டம்பர் 2 முதல் அது இல்லை, ஆகவே 81 வயதுத் தாத்தாவும் நேரில் போக வேண்டும். கேட்பது சாதாரணக் கேள்விகள்தான்: யாரைப் பார்க்கப் போகிறீர்கள், எத்தனை நாள், செலவு யாருடையது. தமிழிலேயே பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பு வசதி உண்டு. பேத்தியின் பட்டமளிப்பு என்று நேரே சொல்லச் சொல்லுங்கள், தெளிவான காரணம் அது. பள்ளிக் கடிதம் கட்டாயமில்லை. இருந்தால் கையில் வைத்துக்கொள்ளட்டும்.

நீங்கள்: ஜெர்மனியில் வசிப்பிட அனுமதி இருப்பதால் அங்கேயே விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்கள் விண்ணப்பம்தான் தாத்தாவுடையதைவிடக் கவனமாகப் பார்க்கப்படும். அப்பா, அம்மா, தங்கை மூவரும் அங்கே. நீங்களும் பல வருடம் அங்கே இருந்தவர். திரும்பிப் போவாரா என்ற சந்தேகம் அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவின்படி அதிகாரிக்கு வந்தே தீரும். அதற்காகப் பெற்றோர் அங்கே இருப்பதை எக்காரணம் கொண்டும் மறைக்காதீர்கள். படிவத்தில் கேட்கும் இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது: ஜெர்மனியில் கோடைப் பருவ வகுப்புகள் ஜூலை நடுவரை நடக்கின்றன, அதற்குப் பிறகு தேர்வுகள். பருவத்தின் நடுவே இரண்டு வாரம் போய் வருகிறேன் என்பதே திரும்பி வருவதற்கு நல்ல காரணம். சேர்க்கைச் சான்று, தேர்வுப் பதிவு, வசிப்பிட அட்டை மூன்றையும் எடுத்துப்போங்கள்.

அப்பாவின் இந்தியத் திட்டம்: இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், வேண்டாம். எச்1பி, எச்4க்கு இப்போது நேர்காணல் இல்லாமல் ஆவணங்களை மட்டும் பெட்டியில் போட்டுவிட்டு வரும் வழி அடைபட்டுவிட்டது. 2025 டிசம்பரில் சமூக ஊடகச் சரிபார்ப்பு வந்தபோது, இந்தியாவுக்கு விடுமுறையில் வந்திருந்த பலருடைய நேர்காணல் தேதிகள் மாதக் கணக்கில் தள்ளிப்போயின. வேலை அங்கே, ஆள் இங்கே என்று தவித்த குடும்பங்களை எனக்கே தெரியும். ஆகஸ்டில் கல்லூரி சேர வேண்டிய பெண்ணை ஜூலையில் முத்திரைக்காக நாட்டை விட்டு வெளியே கூட்டிப்போவது அவள் முதல் பருவத்தையே பணயம் வைப்பதாகும். குலதெய்வம் காத்திருக்கும்.

#6 மைன்நதி

அண்ணாசாலை அண்ணா, மிக்க நன்றி. உங்கள் பதிவை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு "சரி, கோயில் அடுத்த வருடம்" என்றார்.

இப்போது தாத்தா பாட்டியின் பயணம்தான் கவலை. இருவரும் தனியாக இடையில் விமானம் மாற வேண்டும். எனக்கு ஒரு யோசனை: சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சா நேரடி விமானம் இருக்கிறது, அங்கிருந்து நுவார்க்குக்கும் நேரடி விமானம். டார்ம்ஸ்டாட்டிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் எனக்குப் பக்கம். அவர்கள் வந்து இறங்கும் நாளில் அதே நுவார்க் விமானத்தில் நானும் ஏறினால் மூவரும் சேர்ந்தே போகலாம். இது நடைமுறையில் சரிப்படுமா? அவர்களுக்கு ஜெர்மன் இடைவழி விசா தேவையா?

#7 மீனம்பாக்கம்

நான் விமான நிலையத் தரைப்பணியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் யோசனை அருமை. வயதானவர்களுக்கு இதைவிட நிம்மதியான ஏற்பாடு கிடையாது.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டில் சர்வதேசப் பகுதிக்குள்ளேயே விமானம் மாற இந்தியர்களுக்குத் தனி இடைவழி விசா வேண்டாம். அவர்களுடைய இரண்டு பயணமும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும், அப்போதுதான் பெட்டி நேராக நுவார்க்குக்குப் போகும். அவர்கள் வெளியே வர முடியாது. நீங்கள்தான் பாதுகாப்புச் சோதனையும் குடிவரவும் தாண்டி உள்ளே போய் வாயிலில் அவர்களைச் சந்திக்க வேண்டும். அமெரிக்க விமானங்களுக்கு வாயிலருகே இன்னொரு ஆவணச் சோதனை இருக்கும், நேரத்தோடு போய்விடுங்கள். உங்கள் முன்பதிவு எண்ணை அவர்களுடையதோடு இணைக்கச் சொன்னால் இருக்கையும் அருகருகே கேட்கலாம்.

சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரம் முன்னாலாவது சொல்ல வேண்டும், முன்பதிவின்போதே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. இதில் மூன்று வகை உண்டு. டபிள்யூசிஎச்ஆர் என்று போட்டால் படி ஏறுவார், தூரம் மட்டும் நடக்க மாட்டார் என்று பொருள். டபிள்யூசிஎச்எஸ் என்றால் படியும் ஏற முடியாது. டபிள்யூசிஎச்சி என்றால் இருக்கை வரை உதவி வேண்டும். தாத்தாவின் முழங்கால் எப்படி என்று பார்த்துச் சரியான வகையைப் போடுங்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் சில நேரம் விமானம் தள்ளி நிற்கும், படியிறங்கிப் பேருந்தில் போக வேண்டிவரும். முதல் வகையைப் போட்டுவிட்டுப் படியில் தடுமாறும் பெரியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாட்டியின் பெட்டி. ஊறுகாய், முறுக்கு, வத்தல், பொடி வகைகள் கொண்டுபோகலாம், சுங்கப் படிவத்திலோ வாய்மொழியாகவோ உணவு இருக்கிறது என்று சொல்லிவிட வேண்டும். கறிவேப்பிலை மட்டும் கூடவே கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால் அமெரிக்காவில் கடுமையாகப் பிடிப்பார்கள். உலர்ந்ததும் வேண்டாம். பாட்டியிடம் இதை இரண்டு முறை சொல்லுங்கள். மாத்திரைகள் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு.

#8 ஹெர்னிங்

நான் டென்மார்க்கில் இருந்து எழுதுகிறன். எங்கட குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தது. இங்கேயும் பள்ளி முடிக்கிற நாள் பெரிய கொண்டாட்டம்தான், ஆனால் முறை வேறு. கடைசி வாய்மொழித் தேர்வு முடித்துப் பிள்ளை அறையை விட்டு வெளியே வரும்போது வீட்டு ஆட்கள் வாசலில் நின்று வெள்ளைத் தொப்பியைத் தலையில் வைப்பினம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்த நாள் வேறு வேறு. பிறகு வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அலங்கரித்த லொறி ஒன்றில் ஏறி, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போவினம். வீட்டுக்கு வீடு சாப்பாடும் குடிபானமும் குடுக்க வேண்டும்.

என்ர தம்பி முடித்தபோது கனடாவில் இருந்து அக்கா குடும்பம் வந்திருந்தது. லொறி எங்கட வாசலுக்கு வருகிற நேரத்துக்கு அம்மா ரோல்ஸும் வடையும் பொரித்து வைத்திருந்தா. டெனிஷ் பிள்ளைகள் உறைப்பில மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிட்டதை இண்டைக்கும் சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவம். தம்பி பிறகு எனக்குச் சொன்னது, தன்ர சிநேகிதர்கள் தன்ர முழுக் குடும்பத்தையும் கண்டது அன்றைக்குத்தான் என்று. நாங்கள் விழா முடிந்த மறுநாளே பாரிஸ் போவதாக இருந்தோம். அவன் கேட்டபடியால் ஒரு கிழமை தள்ளிப் போனோம். உங்கட தங்கச்சி கேட்பதும் அதுதானே. அவளைக் கேட்டுச் செய்யுங்கோ.

#9 காவிரிக்கரை

இந்தியப் பயணத்தைத் தள்ளிப்போட்டது நல்ல முடிவு, அந்தப் பணத்தில் பெரியவர்கள் வந்து போவது நியாயம்தான். டல்லாஸ் அம்மா சொன்ன 85 வயதுக் கணக்கு என்னை யோசிக்க வைத்தது. ஆனாலும் காப்பீட்டை யாரும் விரிவாகச் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவமனைச் செலவு தெரிந்ததுதான். தாத்தாவுக்கு இரத்த அழுத்தமோ சர்க்கரையோ இருந்தால் என்ன செய்வது?

#10 எடிசன்வாசி

நல்ல கேள்வி. வருகையாளர் காப்பீட்டில் இரண்டு வகை. ஒன்று, நோய்க்கு இவ்வளவு என்று நிலையான தொகை கொடுத்துவிட்டு மீதியை நம் தலையில் விடுவது. விலை மலிவு, ஆனால் அறுவைச் சிகிச்சை என்று வந்தால் பத்தாது. இன்னொன்று, கழிவுத்தொகைக்கு (முதலில் நாம் கட்ட வேண்டிய தொகை) மேல் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்வது. இரண்டாவதை எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்கள் பொதுவாக அடங்காது. திடீரென்று தீவிரமானால் மட்டும் அடங்கும் என்று ஒரு பிரிவு இருக்கும், அதற்கும் வயது வரம்பு வைத்திருப்பார்கள். 80க்கு மேல் உச்சவரம்பு சட்டென்று குறையும். ஆகவே தாத்தாவுக்கு என்று தனியாக நிபந்தனைகளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். பாட்டிக்கு எடுத்த அதே திட்டம் அவருக்குப் போதும் என்று நினைக்க வேண்டாம்.

மைதானத்தில் பார்வையாளர் பகுதி அலுமினியப் படிக்கட்டு பெஞ்சு. முதுகு சாய இடமில்லை, ஜூன் மாலை வெயிலில் சுடும். மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கீழே தரையில் நாற்காலி போடுவார்கள். அதற்குப் பள்ளி அலுவலகத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கூட ஓர் ஆள் உட்காரலாம், அந்த ஆளாக நீங்கள் இருங்கள்.

#11 மைன்நதி

எல்லோருடைய பதிவையும் ஞாயிற்றுக்கிழமை வீட்டு அழைப்பில் உட்கார்ந்து வாசித்தோம். தங்கையும் இருந்தாள். முடிவானது இதுதான்.

தாத்தா பாட்டி, நான் மூவரும் விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போகிறோம், எல்லாம் விசா கிடைப்பதைப் பொறுத்து. விழா முடிந்த இரவு பள்ளியிலேயே விடிய விடிய நடக்கும் நிகழ்ச்சிக்கும், அப்புறம் தோழிகளோடு கடற்கரைக்கும் தங்கை போவாள், யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை. அவள் திரும்பியதும் எல்லோருமாக ஒரு சின்னப் பயணம். நயாகரா போகலாம் என்று தாத்தா ஆசைப்படுகிறார். அப்பா கனடாப் பக்கம்தான் அழகு என்கிறார். முத்திரை காலாவதியான நிலையில் பாலம் தாண்டலாமா?

#12 அண்ணாசாலை

கனடாவுக்குள் நுழைய உங்கள் எல்லோருக்குமே கனடா விசா வேண்டும். அது கிடைத்தாலும், முத்திரை காலாவதியான எச்1பி, எச்4காரர்கள் 30 நாளுக்குள் கனடாவிலிருந்து திரும்பலாம் என்று ஒரு விதி இருக்கிறது. ஐ-94 செல்லுபடியாக வேண்டும், அங்கே இருக்கும்போது புது விசாவுக்கு விண்ணப்பிக்கவும் கூடாது. விதி சாதகம்தான். ஆனால் கல்லூரி சேரும் முன்பு எல்லையில் ஒரு அதிகாரியிடம் இதை விளக்கிக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. அமெரிக்கப் பக்கத்திலேயே இருங்கள்.

#13 டல்லாஸ் அம்மா

அமெரிக்கப் பக்கம் ஒன்றும் குறைந்ததில்லை. ஆட்டுத் தீவில் நின்றால் அருவியின் விளிம்பு கைக்கெட்டும் தூரத்தில். மெய்ட் ஆஃப் த மிஸ்ட் படகு 1846லிருந்து ஓடுகிறது, அமெரிக்கக் கரையிலிருந்தே ஏறலாம், மின்தூக்கியும் உண்டு. உங்கள் ஊரிலிருந்து காரில் ஏழு மணி நேரம் ஆகும். பெரியவர்களோடு ஒரே மூச்சில் போகாமல் நடுவில் ஓர் இரவு தங்கிவிடுங்கள். பாட்டிக்குக் கோயில் வேண்டும் என்றால் நியூயார்க் ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்குத் தனியாக ஒரு நாள் கூட்டிப்போங்கள். 1977ல் கட்டியது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை சாப்பிட்டால் ஊர் ஏக்கம் குறையும்.

#14 மைன்நதி

நன்றி அக்கா. அமெரிக்கப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டோம். கடைசியாக ஒன்று. விழாவில் தங்கைக்கு மல்லிகை மாலை போட வேண்டும் என்று பாட்டி ஒரே பிடிவாதம். சென்னையிலிருந்து கட்டி எடுத்துவரலாமா?

#15 எடிசன்வாசி

சென்னையிலிருந்து வேண்டாம். பூவையும் காட்டி வேளாண் சோதனை தாண்ட வேண்டும், அதற்குள் வாடியும் போய்விடும். எடிசனில் ஓக் ட்ரீ சாலை இந்தியக் கடைகளில் முன்பதிவு செய்தால் உதிரி மல்லிகையோ கட்டிய சரமோ வரவழைத்துத் தருவார்கள். உதிரியாக வாங்கிக்கொடுங்கள், பாட்டியே கட்டட்டும். அங்கியின் மேல் எதையும் அணியக்கூடாது என்று சில பள்ளிகளில் விதி இருக்கிறது, அதனால் மாலையை மைதானத்துக்குள் கொடுத்தனுப்ப வேண்டாம். பெயர் வாசித்து, குஞ்சம் மாற்றி, பிள்ளைகள் வெளியே வந்ததும் வாயிலருகே போட்டுவிடலாம். பள்ளியிலிருந்து பெயர் உச்சரிப்பு அட்டை மார்ச் மாதவாக்கில் வரும், அதை மறந்துவிடாதீர்கள். விசாத் தேதி கிடைத்ததும் இங்கே வந்து சொல்லுங்கள் தம்பி.